பாதத்தில் அடி, எதிரே மீட் (நீச்சல் போட்டி): நீந்துவதா, நிறுத்துவதா?

பாதத்தில் அடிபட்ட நீச்சல் வீரருக்குக் கிடைக்கும் முதல் ஆறுதல், "நல்லவேளை, நீ ஓட்டக்காரன் இல்லை, தண்ணீரில்தானே இருக்கப் போகிறாய்" என்பது. பாதி சரி. இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே பாதத்தின் மேல் இறங்கும் எடை ஏறக்குறையப் பாதியாகிவிடும். கழுத்தளவில் பத்தில் ஒரு பங்குதான். படுத்து நீந்தினால் அதுவும் கிடையாது. சிக்கல் எல்லாம் குளத்தின் இரு முனைகளில். பாதத்துக்குக் கனமான வேலை பிளாக்கிலும் (டைவ் அடிக்க ஏறி நிற்கும் மேடை) சுவரிலும்தான் விழுகிறது. அதனால் "நீந்தலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் வராது. எந்தக் காயம், எந்த ஈவென்ட், எத்தனை சுவர் என்று கேட்டால் வரும்.

கைவசம் இருக்கும் வழிகள் நான்கு. ஆறும் வரை குளத்துப் பக்கமே போகாமல் இருப்பது. போட்டியை விட்டுவிட்டு, கையால் மட்டும் பயிற்சியைத் தொடர்வது. ஈவென்டையும் டர்னையும் (சுவரில் திரும்பும் விதம்) மாற்றிக்கொண்டு போட்டியில் இறங்குவது. ஒன்றுமே நடக்காதது போல எல்லாவற்றையும் அப்படியே நீந்துவது. முதலாவதும் கடைசியும் சிலருக்கு மட்டுமே பொருந்தும். பெரும்பாலானவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது நடுவில் உள்ள இரண்டுக்காக.

முதலில் காயத்தின் பெயர் தெரிய வேண்டும்

"கால் வலிக்குது" என்பது பெயர் இல்லை. எலும்பா, எலும்பை எலும்போடு கட்டும் தசைநாரா, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணா, தோலா என்று தெரியாமல் எந்த வழியையும் ஒப்பிட முடியாது. கனடாவில் உருவாகி 1992 முதல் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் புழங்கும் ஆட்டவா விதிகள் இதற்கு நல்ல தொடக்கம். கணுக்காலின் இரு பக்க முட்டு எலும்புகளின் பின்விளிம்பு, சுண்டுவிரல் பக்கத்து நீள எலும்பின் அடிப்பகுதி, பாதத்தின் உள்பக்க நடுவில் இருக்கும் நேவிகுலர் எலும்பு. இந்த இடங்களில் விரலால் அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும் பிறகு பரிசோதிக்கும்போதும் நாலு அடி எடுத்துவைத்து நடக்க முடியவில்லையா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் எக்ஸ்ரே எடுக்காமல் அடுத்த பேச்சு இல்லை.

ஒரு எச்சரிக்கை. அந்த விதிகள் திடீரென்று பட்ட அடிக்கானவை. மெல்ல மெல்ல வந்த வலி ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சராக (திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் நுண்விரிசல்) இருந்தால், முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். "எக்ஸ்ரே சுத்தமா இருக்கு" என்று அடுத்த நாளே பிளாக்கில் ஏறுவது அந்த இடத்தில் பொருந்தாது. எலும்பின் ஒரே புள்ளியில் வலி நிற்கிறது என்றால் எம்ஆர்ஐ பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

எலும்புகளிலும் எல்லாம் ஒன்றல்ல. இரண்டாவது, மூன்றாவது விரலுக்குப் பின்னால் உள்ள மெட்டாடார்சல் எலும்புகளின் நடுப்பகுதியில் வரும் விரிசல் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்களில் ஒழுங்காகக் கூடும். நேவிகுலர், சுண்டுவிரல் பக்க மெட்டாடார்சலின் அடிப்பகுதி ஆகியவற்றின் கதை வேறு. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, கூடுவது தாமதம், கூடாமலே போய் அறுவை சிகிச்சை வரை இழுக்கும் வாய்ப்பும் உண்டு. இந்த இரண்டு பெயர்களில் ஒன்று உங்கள் ரிப்போர்ட்டில் இருந்தால், போட்டியைப் பற்றிய விவாதம் அங்கேயே முடிந்தது. கையால் மட்டும் நீந்துவதற்கும் மருத்துவரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

சுவரில் என்ன நடக்கிறது

ஃப்ரீஸ்டைல் ஃபிளிப் டர்னை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உடல் சுருண்டு புரள்கிறது, கால்கள் தண்ணீருக்கு மேலே வீசிவந்து சுவரில் விழுகின்றன. முதலில் படுவது முன்பாதம். குதிகால் பெரும்பாலும் சுவரைத் தொடுவதே இல்லை. முழங்கால் மடங்கிய நிலையில் இருந்து ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் இரண்டு கால்களும் நிமிர்கின்றன. அந்தக் கணத்தில் சுவரில் விழும் விசை உடல் எடையை எட்டலாம், வேகமான வீரரிடம் அதைத் தாண்டவும் செய்யும். அது முழுவதும் விரல்களுக்குப் பின்னால் இருக்கும் அந்த மெல்லிய எலும்புகள் வழியாகப் போகிறது. கடைசியாகச் சுவரை விட்டு விலகுவது பெருவிரல்.

இப்போது கணக்கு. 25 மீட்டர் குளத்தில் 4,000 மீட்டர் பயிற்சி என்றால் 160 முறை சுவரைத் தள்ளுகிறீர்கள். 50 மீட்டர் குளத்தில் அதே தூரத்துக்கு 80. போட்டியில் 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்கு ஷார்ட் கோர்ஸில் (25 மீட்டர் குளம்) 59 டர்ன், லாங் கோர்ஸில் (50 மீட்டர் குளம்) 29. 200 மீட்டருக்கு ஏழும் மூன்றும். லாங் கோர்ஸில் 50 மீட்டருக்கு டர்னே கிடையாது, டைவ் மட்டும்தான். காயத்தோடு ஈவென்ட் தேர்ந்தெடுப்பவர் இந்த எண்களைத்தான் முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால், "பாவம், கால் வலியோட ஸ்பிரின்ட் வேண்டாம், டிஸ்டன்ஸ் நீந்தட்டும்" என்று பல கோச்சுகள் சொல்வார்கள். காலால் தண்ணீரை உதைக்கும் கிக்கைப் பொறுத்தவரை அது சரி. சுவரைப் பொறுத்தவரை நேர் எதிர்.

பிளாக்கிலும் இரண்டு பாதங்களுக்கும் ஒரே வேலை இல்லை. முன்காலின் விரல்கள் விளிம்பைப் பற்றிக்கொள்கின்றன. பின்கால் பிளாக்கின் பின்பக்கச் சாய்தகட்டில் முன்பாதத்தை ஊன்றி உதைக்கிறது. விரலில் காயம் என்றால் அந்தக் காலைப் பின்னால் வைக்கலாம். முன்பாத எலும்பிலோ குதிகால் நாணிலோ பிரச்சினை என்றால் பின்னால் வைப்பது சித்திரவதை. ஆனால் காலை மாற்றி வைத்து நல்ல டைவ் அடிக்கப் பல வாரப் பயிற்சி வேண்டும், மீட்டுக்கு மூன்று நாள் முன்னால் முயல வேண்டாம்.

முழு ஓய்வா, கையால் மட்டும் பயிற்சியா

முழு ஓய்வு தேவைப்படும் காயங்களை வேகமாகச் சொல்லிவிடலாம்: தையல் போட்ட வெட்டு, திறந்த புண், நனையக்கூடாத கட்டு, அறுவை சிகிச்சை முடிந்த முதல் வாரங்கள். பாதத்தில் போட்ட தையல் பிரிக்கவே பத்துப் பதினாலு நாள் ஆகும். தோல் முழுவதும் மூடிய பிறகுதான் குளம். சர்க்கரை நோய் உள்ளவர்களும் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களும் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு முழு ஓய்வு என்பது தேவைக்கு அதிகமான விலை. பயிற்சியை முற்றிலும் நிறுத்தினால் இரண்டு மூன்று வாரங்களிலேயே மூச்சுத் திறன் இறங்கத் தொடங்கும். அதற்கு முன்பே கைக்குத் தண்ணீர் பிடிபடுவது போய்விடும். ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தவருக்கே அது தெரியும். சாதாரணச் சுளுக்குக்கும், குதிகால் அடித்தசை வலிக்கும், கூடிக்கொண்டிருக்கும் மெட்டாடார்சலுக்கும், மருத்துவர் சரி என்றால், தொடைகளுக்கு நடுவே புல் பாய் என்னும் மிதவையை வைத்து, கையால் மட்டும் நீந்துவதில் தடை இருக்காது. கணுக்கால்களைச் சேர்த்து ஒரு ரப்பர் பட்டை போட்டுவிட்டால் தன்னையறியாமல் கிக் அடிப்பதும் நிற்கும். டர்ன் மட்டும் அடிக்கக்கூடாது. சுவருக்குச் சற்று முன்னாலேயே நின்று, திரும்பி, கையை இழுத்துக் கிளம்ப வேண்டும். லேனில் பின்னால் வருபவருக்கு எரிச்சலாக இருக்கும், ஓரத்து லேனைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் ஆபத்து காலில் இல்லை, தோளில். கிக் இல்லாமல் போகும் வேலை முழுவதும் தோளுக்கு ஏறுகிறது. அதோடு கையில் மாட்டும் தட்டான பேடிலையும் பெரிதாக மாட்டிக்கொண்டு, வழக்கமான தூரத்தையே கையால் மட்டும் நீந்தினால், பாதம் ஆறும்போது தோள் வலிக்கத் தொடங்கியிருக்கும். முதல் வாரம் தூரத்தைப் பாதியாகக் குறைத்து, பேடில் இல்லாமல் தொடங்குங்கள், பிறகு ஏற்றலாம். புல் பாய் இடுப்பை மேலே தூக்கிக்கொடுப்பதால் நேரம் நன்றாக வரும். அந்த நேரத்தை நம்பிப் போட்டித் திட்டம் போடாதீர்கள், அது புல் பாயின் நேரம்.

சில காயங்களுக்கு நீச்சலே காரணம் என்பதையும் சொல்ல வேண்டும். பாதத்தின் மேல்புறம், ஷூ நாடா கட்டும் இடத்தில் எரிச்சலும் வீக்கமும் வந்தால், விரல்களை நீட்டி வைத்தே ஆயிரக்கணக்கில் கிக் அடித்ததாலோ, திடீரென்று ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) போட்டதாலோ அங்கே ஓடும் தசைநாண்கள் உரசிப் புண்ணாகியிருக்கலாம். கணுக்காலின் பின்பக்கம், பாதத்தை நீட்டும்போதெல்லாம் கிள்ளுவது போல வலித்தால் அதுவும் இந்த வகை. இவற்றுக்குச் சுவர் பெரிய எதிரி இல்லை, கிக்தான். அவர்கள் டர்ன் அடிக்கலாம், கிக் செட்டை விட வேண்டும். ஒரே குளத்தில் பக்கத்து லேனில் இருப்பவருக்கு இதற்கு நேர்மாறான அறிவுரை தேவைப்படும்.

மாற்றிக்கொண்டு போட்டியிடுவது

என் பார்வையில் பலர் எண்ணிப் பார்க்காமலே விட்டுவிடும் வழி இது. விதிகள் இதற்கு எவ்வளவு இடம் கொடுக்கின்றன என்பது தெரியாததுதான் காரணம்.

ஃப்ரீஸ்டைலில் டர்னின்போது உடலின் ஏதாவது ஒரு பகுதி சுவரைத் தொட்டால் போதும். ஃபிளிப் டர்ன் கட்டாயம் இல்லை. கையால் தொட்டு, திரும்பி, நல்ல காலால் மட்டும் தள்ளிக் கிளம்பலாம். ஒற்றைக் காலால் தள்ளக்கூடாது என்று எங்கும் இல்லை. கிக் அடித்தே ஆக வேண்டும் என்ற விதியும் இல்லை, காலை இழுத்துக்கொண்டே நீந்தலாம். நடுவில் வலி வந்து தரையில் நின்றுவிட்டால்கூட ஃப்ரீஸ்டைலில் அது தகுதியிழப்பு ஆகாது, நடக்காமல் இருந்தால் சரி.

பேக்ஸ்ட்ரோக்கும் தாராளம்தான், கிக் விஷயத்தில் கட்டுப்பாடு இல்லை. ஸ்டார்ட் தண்ணீருக்குள் இருந்தே நடப்பதால் பிளாக்கில் ஏறி இறங்கும் வேலை மிச்சம். ஆனால் சுவரில் பாதங்களை ஊன்றி உடலை வில்லாக வளைத்து எறியும் அந்த உதையை முன்பாதம் தாங்குமா என்று பயிற்சியிலேயே பார்த்துவிட வேண்டும்.

பட்டர்ஃப்ளையில் கால்கள் மாறி மாறி அடிக்கக்கூடாது, இரண்டு கையும் ஒன்றாகச் சுவரைத் தொட வேண்டும். வலிக்கும் கால் தானாகப் பின்தங்கும், கவனம் வேண்டும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்தான் மோசம். உதைக்கும்போது இரண்டு பாதங்களும் வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பது விதி. கணுக்கால் வீங்கியவருக்கு ஒரு பாதம் திரும்பாமல் கத்தரிக்கோல் கிக்காக மாறிவிடும், ஜட்ஜின் கை உயரும். வலியும் பட்டு, தகுதியிழப்பும் வாங்கி வருவதற்கு அந்த ஈவென்டை விட்டுவிடலாம். நான்கு பாணியையும் அடுத்தடுத்து நீந்தும் மெட்லிக்காரர்களுக்கும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் பகுதியில் இதே கதி.

பிரிட்டனின் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் வீரர் ஆடம் பீட்டியின் 2022-ஐ இங்கே பார்ப்பது நல்லது. அந்த ஆண்டு மே மாதம் ஜிம்மில் பயிற்சி செய்யும்போது அவருடைய பாத எலும்பு முறிந்தது. ஜூனில் புடாபெஸ்டில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பை விட்டுக்கொடுத்தார். ஜூலை இறுதியில் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்கு வந்து, ஆண்டுக்கணக்கில் தோற்காமல் வைத்திருந்த 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் நான்காவதாக வந்தார். சில நாட்களில் 50 மீட்டரில் தங்கம். ஒரு டர்ன்தான் வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன், இழந்த பயிற்சி வாரங்கள் 100-ன் இரண்டாவது பாதியில்தான் பல்லைக் காட்டும். ஆனால் பாத முறிவிலிருந்து திரும்பும் ஒருவருக்கு முதலில் எது கைகொடுக்கும் என்பதற்கு அது நல்ல சாட்சி. உலக சாம்பியனே உலக சாம்பியன்ஷிப்பை விட்டார் என்பதையும் மறக்க வேண்டாம்.

டர்னை மாற்றினால் எவ்வளவு நேரம் போகும்? ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். சுவரிலிருந்து பத்து மீட்டர் குறி வரை, நல்ல காலால் மட்டும் தள்ளி ஸ்டாப் வாட்சில் நேரம் எடுங்கள். காயத்துக்கு முன்னால் இரண்டு காலாலும் தள்ளிய நேரம் கோச்சிடம் இருக்கும், இல்லாவிட்டால் உங்கள் வேகத்தில் நீந்தும் ஒருவருடையதை வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 0.4 நொடி என்று வைப்போம். ஷார்ட் கோர்ஸ் 200-க்கு ஏழு டர்னில் 2.8 நொடி, லாங் கோர்ஸில் 1.2. ஃபிளிப் டர்னை விட்டுக் கையால் தொட்டுத் திரும்பினால் அந்த நேரம் தனி. தகுதி நேரத்துக்கும் உங்களுக்கும் இடையே அதைவிட அதிக இடைவெளி இருந்தால் தைரியமாக மாற்றிக்கொண்டு நீந்தலாம். இல்லையென்றால் அந்த மீட்டில் நீங்கள் எடுக்கப்போவது அனுபவம் மட்டும்தான், அதற்குத் தயாராக இருந்தால் சரி.

சுவரே இல்லாத போட்டியும் ஒன்று இருக்கிறது, கடல், ஏரி போன்ற இடங்களில் நடக்கும் திறந்தவெளி நீச்சல். தென்னாப்பிரிக்காவின் நடாலி டு டோய்ட் 2001-ல் விபத்தில் இடது காலை முழங்கால் வரை இழந்தவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 கிலோமீட்டர் திறந்தவெளிப் போட்டியில் செயற்கைக் கால் இல்லாமல் நீந்தி 16-ஆவது இடம் பிடித்தார். டர்ன் இல்லை, நீண்ட தூரத்துக்குக் கிக் குறைவு. ஆனால் கரையிலிருந்து ஓடி இறங்கும் ஸ்டார்ட்டும், கல்லும் மணலும் மிதித்து ஓடி ஏறும் ஃபினிஷும் உள்ள போட்டியாக இருந்தால் பலன் முழுவதும் அங்கே போய்விடும். தண்ணீருக்குள்ளேயே தொடங்கித் தண்ணீருக்குள்ளேயே முடியும் போட்டியா என்று கேட்டுக்கொண்டு பெயர் கொடுங்கள்.

அப்புறம் டேப். வீட்டில் கணுக்காலைச் சுற்றி டேப் ஒட்டிப் பழகியவர்கள் கவனிக்க: உலக நீர் விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிப்படி ஒப்புதல் இல்லாமல் உடலில் எந்த டேப்பும் கூடாது. உடைந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டுவதும் இதில் அடக்கம். சிறிய மீட்களில் மருத்துவச் சான்றைப் பார்த்து ரெஃப்ரி விடக்கூடும், ஆனால் அதை முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும். பிளாக்குக்குப் பின்னால் நின்று கேட்கும் விஷயம் இல்லை அது.

அப்படியே நீந்திவிடுவது

இதை முழுவதும் ஒதுக்கவும் மாட்டேன். குதிகால் அடித்தசை வலி பல மாதங்கள் இழுக்கும், அது ஆறட்டும் என்று ஒரு சீசனையே விட முடியாது. லேசான தசைநாண் வலி, ஆறி முடியும் தறுவாயில் உள்ள சுளுக்கு, இவற்றோடு முழுதாகப் போட்டியிடலாம். வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று வைத்துப் பாருங்கள். தசையிலும் நாணிலும் மூன்று வரை இருந்து, மறுநாள் காலை எழுந்து வைக்கும் முதல் அடியில் வழக்கத்தைவிட அதிகம் இல்லை என்றால் ஓடட்டும். எலும்பு வலிக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே பூஜ்யம்தான் வரம்பு.

போட்டியின் நடுவில் எடுக்கும் முடிவுகளை நம்பாதீர்கள். குளிர்ந்த தண்ணீர் மரத்துப்போக வைக்கும், பரபரப்பு வலியை மறைக்கும், மாத்திரை மிச்சத்தை மறைக்கும். இரண்டு ஹீட் (தகுதிச் சுற்று) நன்றாகப் போனதால் ஃபைனலும் நீந்தலாம் என்று தோன்றும். வீக்கம் மாலையில்தான் வரும். எத்தனை ரேஸ், எந்த அறிகுறி வந்தால் விலகுவது என்பதை முந்தைய நாளே கோச்சிடம் சொல்லிவிடுங்கள். ரிலே இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், மூன்று பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு "முடியாது" என்று சொல்வது கஷ்டம்.

வலி மருந்தில் ஊக்கமருந்து விதிகளும் உண்டு. இபுப்ரோஃபென் போன்றவை தடைப்பட்டியலில் இல்லை. ஆனால் குதிகாலிலோ கணுக்காலிலோ போடும் ஸ்டீராய்டு ஊசி 2022 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் எந்த வழியாகப் போட்டாலும் தடை. டிரமடால் என்ற வலி மருந்தும் 2024 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் தடை. சோதனைக்கு உட்படும் நிலையில் போட்டியிடுபவர் ஊசிக்கு ஒப்புக்கொள்ளும் முன் மருத்துவரிடம் மீட் தேதியைச் சொல்லியே ஆக வேண்டும்.

பெரும்பாலானோர் கணக்கில் எடுக்காத இன்னொன்று குளத்தங்கரை. மூன்று நாள் மீட் என்றால் நீந்துவது மொத்தம் சில நிமிடம். மீதி நேரம் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பதும், கேலரிப் படி ஏறி இறங்குவதும், கூட்டம் நிறைந்த வார்ம் அப் குளத்தில் யாராவது காலை மிதிப்பதும்தான். பாதத்துக்கு ரேஸைவிட இதுவே பெரிய சுமை. நல்ல குஷன் உள்ள செருப்பைப் பிளாக் வரை போட்டுக்கொண்டு போங்கள், உட்கார ஒரு நாற்காலி பிடித்து வையுங்கள், ஏணி வழியாக ஏறாமல் கையூன்றிக் கரையேறுங்கள்.

எட்டு முதல் பதினாலு வயதுப் பிள்ளைகள் "குதிகால் வலி" என்றால் இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம். வளரும் எலும்பின் நுனியில் வரும் வலியாக இருக்கலாம், முதலில் மருத்துவர் பார்க்கட்டும். அந்த வயதில் விட்ட மீட்டுக்குப் பதில் அடுத்த மீட் சீக்கிரம் வரும்.

என்னைக் கேட்டால், எலும்புக் காயத்துக்கு இரண்டாவது வழி (கையால் மட்டும் பயிற்சி), அதுவும் மருத்துவர் ஒப்புதலோடு. சுளுக்குக்கும் தசைநாணுக்கும், மீட் மூன்று வாரத்துக்கு மேல் தள்ளி இருந்தால் இரண்டாவதில் தொடங்கி மூன்றாவதுக்கு (மாற்றிக்கொண்டு போட்டியிடுவது) மாறலாம். மீட் அடுத்த வாரமே என்றால் டர்ன் குறைந்த ஒரே ஒரு ஈவென்டை வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து பெயரை எடுத்துவிடலாம், பெயர் விலக்கக் கடைசி நாள் என்றைக்கு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வரிசையும் முடிவின் ஒரு பகுதிதான். முதலில் ஃபின் இல்லாத மெதுவான கிக். பிறகு இரண்டு காலாலும் மென்மையாகச் சுவரைத் தள்ளுவது, அதன் பின் ஃபிளிப் டர்ன், முதலில் ஒரு செட்டுக்கு நாலைந்து என்று. கரையில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது, நல்ல காலில் எத்தனை முடிகிறதோ கிட்டத்தட்ட அத்தனை அடிபட்ட காலிலும் வலியில்லாமல் முடிந்த பிறகே முழு வேகத் தள்ளல். குதிக்கும் பயிற்சிகளும் டைவும் கடைசி. மீட்டுக்கு முந்தைய வாரம் வரை டைவ் அடிக்க முடியவில்லை என்றால், அந்த மீட்டில் பேக்ஸ்ட்ரோக் மட்டும்.